மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு

எட்டாயிரத்து நாற்பத்தொரு நாள் எங்கள் பல் மருத்துவமனையில் பிறர் மூச்சுக்குக் காவல் நின்ற பெருமாட்டியே! மருந்தின் அளவறிந்து, மயக்கத்தின் ஆழமறிந்து, மயங்கியவர் கண்விழிக்கும்வரை தாம் கண் அயராத மருத்துவரே! குழந்தைகள் 'மூச்சு டாக்டர்' என்றும், நாங்கள் 'மேடம்' என்றும், பல் டாக்டர் மட்டும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது 'அக்கா' என்றும் அழைக்கும் எங்கள் மயக்க மருந்து நிபுணரே! வணக்கம்.

நாள் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் கணக்கர். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று உங்கள் கணவர் தடுத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமைல என் மூச்சை எண்ணிட்டிருப்பா. நான் கொஞ்சம் அமைதியாத் தூங்கினாப் போதும், 'என்னங்க, இருக்கீங்களா'ன்னு உலுக்கி எழுப்புவா" என்றார். ஆகவே கழிக்கவில்லை.

உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க. ஆனா தெய்வமாக்கிச் சுவத்துல மாட்டிடாதீங்க, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றீர்கள். இந்த வாழ்த்து மடலைச் சுவரில் மாட்டத்தான் போகிறீர்கள், உங்கள் வீட்டுச் சுவரில், சட்டம் போட்டாகிவிட்டது. தெய்வமாக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறோம். அந்த வெள்ளிக்கிழமையையும் எழுதலாமா என்று தயங்கித்தான் கேட்டோம். "அதை விட்டுட்டா மத்ததெல்லாம் எதுக்கு?" என்றீர்கள்.

ஒரு பல்லைப் பிடுங்க இத்தனை ஏற்பாடா என்று கேட்கிறவர்கள் உண்டு. பல் டாக்டர் வேலை செய்கிற வாயும், நோயாளி மூச்சு விடுகிற வழியும் ஒன்றுதான். அங்கே தண்ணீர் விழுகிறது, இரத்தம் கசிகிறது, பஞ்சு கிடக்கிறது. மருந்தின் மயக்கத்தில் நாக்கு தளர்ந்து பின்னால் சரிகிறது. விரலில் மாட்டும் கிளிப் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அது உடம்பில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அளவு. மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை மோட்டார் நின்றது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதுபோல, மூச்சு நின்ற பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் ஒன்றும் அறியாததுபோல நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிப்பதுதான் உங்கள் வேலை. நோயாளியின் தொண்டைக்குழியில் ஒரு சிறிய உலோக வட்டை ஒட்டுவீர்கள். அதிலிருந்து வரும் மெல்லிய குழாயின் மறுமுனை உங்கள் வலது காதில். கண்ணை மூடிக்கொள்வீர்கள். புதிதாக வந்தவர்கள் நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைப்பார்கள். நாங்களும் ஒருகாலத்தில் நினைத்தோம்.

நீங்கள் வந்த முதல் மாதமே ஒத்திகை வைத்தீர்கள். கருவிகளைக் கழுவி நீராவியில் சுத்தம் செய்யும் எங்கள் கருவியறை அண்ணனை நாற்காலியில் நோயாளியாகப் படுக்க வைத்து, "இவருக்கு மூச்சில்ல. ஆக்சிஜன் கொண்டு வாங்க" என்றீர்கள். சிலிண்டர் நிறைந்திருந்தது. அதைத் திறக்கும் சாவியைத்தான் காணோம். ஆளுக்கொரு மூலையாக ஓடினோம். கடைசியில் அது பண்டக அறையில், கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகப்பட்டிருந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, "மேடம், நான் செத்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார்.

"செத்தவங்க பேசக் கூடாது. படுங்க."

"இல்ல மேடம், டீ வந்திருச்சான்னு மட்டும்..."

யாரையும் நீங்கள் திட்டவில்லை. மறுநாள் அந்தச் சாவி சிலிண்டரின் கழுத்திலேயே சங்கிலியில் தொங்கியது. அண்ணனுக்கு அன்றிலிருந்து நிரந்தர நோயாளி வேடம். விக்கல் சேர்த்தார், கை உதறல் சேர்த்தார், ஒருமுறை மனைவிக்குக் கடைசி வார்த்தை சொல்லவும் முயன்றார். மேடை கிடைக்காத நடிகர் ஒருவர் கருவியறையில் ஒளிந்திருந்தது உங்களால்தான் வெளியே வந்தது.

ஒத்திகைக்கு நீங்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று. யார் எதைப் பார்த்தாலும் உடனே சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பாக இருக்குமோ, பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று விழுங்கக் கூடாது. "மனசுல வெச்சுக்கிட்டா அது உங்க கவலை. வாயால சொன்னாத்தான் அது நம்ம எல்லாரோட வேலை" என்பீர்கள்.

அந்த விதி ஒரு பள்ளி ஆசிரியரைக் காப்பாற்றியது. கடைவாயில் புதைந்த பல்லை எடுக்க வந்தவர். கிளிப் தொண்ணூற்றெட்டு காட்டியது. பல் டாக்டர் குனிந்து வேலையில் இருந்தார். நீங்கள் கண்ணைத் திறந்து, "மூச்சில்ல. கையை எடுங்க" என்றீர்கள். அவ்வளவுதான். பல் டாக்டர் விலகினார். பெரிய நர்ஸ் வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்தார். நீங்கள் தாடையை முன்னால் தூக்கி, முகமூடியை வைத்துப் பையை அழுத்தினீர்கள். எண் இறங்கத் தொடங்கியபோது மூச்சு திரும்பி வந்துகொண்டிருந்தது. விழித்ததும் ஆசிரியர் வெட்கத்தோடு கேட்டார்: "ரொம்பக் குறட்டை விட்டுட்டேனா?"

"குறட்டை விட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்போம் சார். கொஞ்ச நேரம் மூச்சே விடல. நாங்க விட வெச்சோம்" என்று உள்ளதைச் சொன்னீர்கள். பெரிய நர்ஸ் கண்ணைக் காட்டினார். நோயாளியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பது அவர் எண்ணம். "அவரோட மூச்சு. அவருக்குத் தெரியணும்" என்றீர்கள்.

இனி எங்கள் பல் டாக்டரின் கதை. இதை எழுதச் சொன்னவரும் அவரே.

எங்கள் பல் டாக்டர் மெல்லப் பேசுகிறவர். அவர் பேச்சு முகமூடித் துணியைத் தாண்டி வெளியே வருவதற்குள் களைத்துவிடும். 'முணுமுணுப்பு டாக்டர்' என்று பின்னால் பெயர் வைத்தோம். அவருக்கும் அது தெரியும். சென்ற ஆண்டின் தொடக்கத்திலிருந்து நீங்கள் அவரிடம் அடிக்கடி, "என்ன தம்பி? கொஞ்சம் சத்தமா" என்று கேட்கலானீர்கள். நியாயம்தானே என்று நினைத்தார். யாரைக் கேட்டாலும் தவறு அவருடைய குரலில்தான் என்றிருப்பார்கள்.

ஆகவே அவர் பயிற்சியில் இறங்கினார். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, முகமூடியும் மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு மில்லி! பஞ்சை எடுங்க! நாக்கை விலக்குங்க!" என்று கத்தினார். அவர் மனைவி கரண்டியோடு ஓடி வந்தார்.

"உள்ள யார்கூடங்க சண்டை?"

"சண்டை இல்ல. வாயைத் திறந்து பேசப் பழகுறேன். அக்காவுக்கு நான் பேசுறது கேக்கலையாம்."

"கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்றேன். அப்போ வராத ஞானம் அக்கா சொன்னதும் வந்திருச்சா?"

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்: "அப்பா, பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லுது. நிறுத்துப்பா."

பயிற்சி பலித்தது. மருத்துவமனையில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குப் பேசத் தொடங்கினார். முன்மேசையில் காத்திருந்தவர்கள் உள்ளே ஏதோ தகராறு என்று எழுந்துபோனதும் உண்டு. நீங்கள் மட்டும், "என்ன தம்பி?" என்று கேட்டீர்கள்.

ஒரு பிற்பகல் கை கழுவும் தொட்டியருகே முகமூடியைக் கழற்றிவிட்டு, பழைய பழக்கத்தில், தனக்கே கேட்காத குரலில், "நாளைக்கு முதல் நோயாளி எத்தனை மணிக்கு?" என்றார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அவர் முகத்தைப் பார்த்தபடி உடனே சொன்னீர்கள்: "ஒன்பதரைக்கு."

அவர் குழாயை மூடவும் மறந்து நின்றார். "அக்கா என் உதட்டைத்தான் பார்த்துட்டிருந்தாங்க" என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

அன்று முதல் அவருக்குத் தூக்கம் கெட்டது. உங்களிடம் என்னவென்று சொல்வது? அவர் இந்த மருத்துவமனையைத் தொடங்கி, நோயாளி இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், பெரிய மருத்துவமனை வேலையை விட்டு வந்தவர் நீங்கள். அவருடைய அம்மாவின் அறுவைச் சிகிச்சையின்போது, வேறெங்கோ நடந்ததென்றாலும், தலைமாட்டில் போய் நின்றவர் நீங்கள். பலமுறை உங்கள் அறைக் கதவுவரை வந்தார். "அக்கா, டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். நாளுக்கு நாலுமுறை டீயைப் பற்றிக் கேட்கிறாரே, இவருக்கு என்ன ஆயிற்று என்று எங்களிடம் நீங்கள் விசாரித்ததும் நினைவிருக்கிறது.

அவர் மட்டும் அல்ல. பெரிய நர்ஸுக்கும் தெரிந்திருந்தது. "கை சும்மாத்தானே இருக்கு மேடம்" என்று சொல்லி நோயாளியின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே நிற்கத் தொடங்கினார். மூச்சு மெலிந்தால் நாற்காலியைக் காலால் லேசாகத் தட்டுவார். நீங்கள் கண்ணைத் திறப்பீர்கள். கருவியறை அண்ணன் உங்களோடு பேசுமுன் எதிரில் வந்து, முகமூடியை இறக்கிவிட்டுப் பேசினார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து, மற்றவருக்குத் தெரியாமல் ஒரு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நீங்களோ குழாயில்தான் பிசகு என்று இரண்டு முறை புதுக் குழாய் வாங்கச் சொன்னீர்கள். நாங்கள் பேசாமல் வாங்கிக் கொடுத்தோம்.

எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லப் பழகிய கூட்டம் இது. அன்பு என்று எண்ணி இதை மட்டும் விழுங்கினோம். நாலு பக்கமும் நாங்கள் தாங்கியதால், சாய்வது உங்களுக்கே தெரியாமல் போயிற்று. அதைவிட, நாற்காலியில் படுத்திருந்தவர்களைப் பணயம் வைத்து நாங்கள் அந்த அன்பைக் காட்டிக்கொண்டிருந்தோம் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

தையற்கடைக்காரரின் மகள் வந்தபோதுதான் உறைத்தது. ஐந்து வயது. ஆறு பற்கள் சொத்தை. தொண்டையில் டான்சில் இரண்டும் பருத்திருந்தன. தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு வரும் என்று அவள் அப்பா சொன்னார். மயக்க மருந்து கொடுத்தால் வழி சட்டென்று அடைத்துக்கொள்ளக் கூடிய குழந்தை. நீங்கள் அவளைச் சோதித்துவிட்டுத் திங்கட்கிழமைக்கு நாள் குறித்தீர்கள்.

"வலிக்குமா?" என்று கேட்டாள் பாப்பா.

"வலிக்காது. நீ தூங்குவே. நான் முழிச்சிருப்பேன்."

"நீங்களும் தூங்கிட்டா?"

"என்னைப் பார்த்தா தூங்குற ஆளு மாதிரியா இருக்கு?"

"கண்ணு மூடிக்குவீங்கன்னு அந்த மாமா சொன்னாங்க" என்று கருவியறை அண்ணனைக் காட்டிக்கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. அன்று அண்ணன் படுக்கப் போனபோது பல் டாக்டர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். "இன்னைக்கு நான் படுக்கிறேன்."

"என் வயித்துல அடிக்கிறீங்களே டாக்டர்" என்றார் அண்ணன்.

நாற்காலியில் சாய்ந்தார். பச்சைத் துணியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினோம். உலோக வட்டை அவர் தொண்டைக்குழியில் ஒட்டினீர்கள். குழாயைக் காதில் செருகிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அவர் திட்டம் எளியது. மூச்சைப் பிடித்துக்கொள்வது. நீங்களே கண்டுபிடித்துவிட்டால் அவர் பயந்தது வீண்பயம். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமைக்குத் தயாராகலாம். கண்டுபிடிக்காவிட்டால், வாயால் சொல்ல முடியாததை அவர் மூச்சு சொல்லிவிடும்.

நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

பிடித்தார். அறையில் ஏசி ஓடும் ஒலி மட்டும். பெரிய நர்ஸின் கை துணிக்குக் கீழே அவர் நெஞ்சில் இருந்தது. நெஞ்சு அசையவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நாற்காலியைத் தட்டக் காலைத் தூக்கினார். பல் டாக்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கால் அந்தரத்தில் நின்றது.

"மூச்சு சீரா இருக்கு" என்றீர்கள்.

பல் டாக்டரின் நெற்றியில் நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கருவியறை அண்ணன் உங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இத்தனை வருடம் மூச்சில்லாத வேடம் போட்ட மனிதர், அன்று நின்றுகொண்டே மூச்சு முட்டினார்.

கடைசியில் பல் டாக்டரால் தாங்க முடியவில்லை. நாற்காலியே குலுங்கும்படி மூச்சை இழுத்து இருமினார். அந்தக் குலுக்கலில்தான் நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். சிவந்த முகத்தைப் பார்த்தீர்கள். ஈரமான கண்களைப் பார்த்தீர்கள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள். எல்லோர் முகத்திலும் முகமூடி. கண்கள் மட்டும்தான் வெளியே. அவை போதுமாக இருந்தன.

"எப்போலேருந்து மூச்சைப் பிடிச்சீங்க, தம்பி?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாயை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் செருகினீர்கள். "இன்னொரு தடவை பிடிங்க. எப்போன்னு சொல்லாதீங்க. யாரும் எதையும் தட்டக் கூடாது" என்று பெரிய நர்ஸின் காலைப் பார்த்தபடி சொன்னீர்கள். அவர் காலைத் தரையில் வைத்தார். பல் டாக்டர் மறுபடி மூச்சைப் பிடித்தார். இம்முறை அவர் கண்ணோரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டே நின்றீர்கள். ரொம்ப நேரம் நின்றீர்கள். பிறகு அவர் தோளைத் தட்டி, "போதும், விடுங்க" என்றீர்கள். குழாயைக் கழற்றிச் சுருட்டித் தட்டில் வைத்தீர்கள்.

அதன்பின் நீங்கள் சொன்னதை எழுதுமுன் இங்கே சற்று நிற்கிறோம். மடலின் முடிவில் வாழ்த்துவது முறை. கடைசி வரியை நாங்கள் உங்களுக்கென்று ஒதுக்கியிருப்பதால் எங்கள் வாழ்த்தை இங்கேயே வைத்துவிடுகிறோம்.

பாப்பாவுக்குத் திங்கட்கிழமை வேலை நடக்கவில்லை. அடுத்த வாரம், நீங்களே தேடிப்பிடித்த வேறொரு மயக்க மருத்துவர், குழந்தை மயக்கத்துக்கென எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில், அவளை நல்லபடியாகத் தூங்க வைத்து எழுப்பினார். நீங்கள் வெளியே அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். எங்கள் நாற்காலியின் தலைமாட்டில் இப்போது வெளிமூச்சை அலை அலையாக வரைந்து காட்டும் கருவி நிற்கிறது. பணிக்காலம் இன்னும் மூன்று ஆண்டு இருக்க, நீங்களாக விலகுகிறீர்கள். ஒத்திகைக்கு மட்டும் மாதாமாதம் வந்து நோயாளியாகப் படுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கருவியறை அண்ணன் தன் வேடத்தைப் பங்கு போடச் சம்மதித்துவிட்டார், விக்கல் அவருக்கே என்ற நிபந்தனையோடு.

எங்கள் அருமை மேடம்! பிறர் உறங்க விழித்திருந்த கண்கள் இனி நிம்மதியாக உறங்கட்டும். உடல் நலமும் மனநிறைவும் உங்களை விட்டு அகலாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கணவர் எழுப்பப்படாமல் தூங்கட்டும். பேரப்பிள்ளைகளின் பல் விழுவதையும் முளைப்பதையும் பார்த்து நீடூழி வாழுங்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. குழாயைத் தட்டில் வைத்தீர்கள். முகமூடியை இறக்கினீர்கள். பல் டாக்டர் எழுந்து உட்கார்ந்து, "அக்கா, நான் வந்து..." என்று தொடங்கினார். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். ஒத்திகையில் எங்களுக்குக் கட்டளையிடும் அதே குரலில், எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள்:

"தம்பியோட மூச்சு நின்னது எனக்குத் தெரியல. வலது காதுலயும் தெரியல, இடது காதுலயும் தெரியல. குழாய்ல ஒரு கோளாறும் இல்ல. எனக்குக் காது கேக்கல."

உங்களோடு அந்த அறையில் நின்றவர்கள்:
பல் டாக்டர், பெரிய நர்ஸ், கருவியறை அண்ணன்,
முன்மேசையிலும் கணக்கறையிலும் பணிபுரிவோர்